மேலே பார்க்காமல் தூக்குவது

காலை ஐந்து நாற்பது. ஜிம்மின் ஷட்டரை அப்போதுதான் தூக்கியிருந்தார்கள்.

நெட்டையர் இரண்டு டம்பெல்களையும் தோள் மட்டத்துக்குக் கொண்டுவந்து நிறுத்தினார். ஐந்து ஐந்து கிலோ. மூச்சை இழுத்துக்கொண்டு தூக்கினார். காது வரை இரண்டு கைகளும் ஒன்றாகவே வந்தன. காதைத் தாண்டியதும் வலது தோளுக்குள் யாரோ ஒரு ஸ்க்ரூவை முடுக்கினார்கள். இடது கை மேலே போய்விட்டது. வலது கை பாதியில் நின்றது. பஸ்ஸில் கம்பி எட்டாதவர் மாதிரி கொஞ்ச நேரம் அப்படியே நின்றுவிட்டு, இரண்டையும் இறக்கினார்.

"எத்தனை?" என்று மூலையிலிருந்து கோச்சம்மாவின் குரல் வந்தது.

"ஒன்னரை."

"அரை எப்படி வரும்?"

"ஒரு கை போச்சு. ஒரு கை போகலை."

கோச்சம்மா சிரித்தார். முப்பத்தைந்து வயதிருக்கும். ஒரு காலத்தில் எடை தூக்கும் போட்டிகளுக்குப் போனவர். இடது தோளில் ஆபரேஷன் தழும்பு, வெள்ளை நூல் ஒட்டியது போல இருக்கும். இந்த நேரத்தில் ஜிம்மில் அவரும் நெட்டையரும் மட்டும்தான். ஆறரைக்கு மேல் பாட்டு போடுவார்கள், கூட்டம் வரும். அதற்குள் நெட்டையர் கிளம்பிவிடுவார். இளவட்டங்களுக்கு நடுவில் ஐம்பத்திரண்டு வயதில் ஐந்து கிலோவோடு நிற்பது ஒரு மாதிரியாக இருந்தது.

இன்னும் பன்னிரண்டு நாள்தான் இருந்தது.

அவர் தொழில், கூரைக்குக் கீழே இன்னொரு கூரை போடுவது. ஃபால்ஸ் சீலிங். தகரச் சட்டங்களைக் கட்டி, ஜிப்சம் பலகைகளை அதில் பொருத்தி, ஸ்க்ரூ முடுக்கி, பலகைக்கும் பலகைக்கும் இடையில் தெரியும் கோட்டைப் பூசி மறைத்துவிட வேண்டும். செய்பவர்கள் இரண்டே பேர். நெட்டையரும், அவர் மனைவியின் தம்பியும். பலகையைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடிப்பது நெட்டையர். ஸ்டூலில் ஏறி நின்று ஸ்க்ரூ முடுக்குவது மச்சான். பத்தொன்பது வருடமாக இதுதான் ஏற்பாடு. ஒருவர் ஆறடிக்கு மேல், இன்னொருவன் ஐந்தடிக்குக் கொஞ்சம் கூட. வேலை நடக்கும் இடங்களில் அவர்களுக்குக் கொக்கும் தவளையும் என்று பெயர். இரண்டு பேரும் அதற்குக் கோபித்துக்கொண்டதில்லை.

ஏழு வாரத்துக்கு முன்னால் ஒரு பல் டாக்டரின் கிளினிக்கில் பலகை கீழே விழுந்தது. நெட்டையர் பிடித்துக்கொண்டிருந்தார். தோளில் பளீரென்று வெட்டியது. கை தானாக விட்டுவிட்டது. யாருக்கும் அடியில்லை. பலகை இரண்டாகப் போயிற்று. மச்சான் ஸ்டூலிலிருந்து இறங்கி, உடைந்ததைப் பார்த்தான். திட்டியிருக்கலாம். ஞாபகம் எந்த ஊர்ல இருக்கு என்று கேட்டிருக்கலாம். அவன் துடைப்பத்தை எடுத்துவந்து பெருக்கினான்.

அடுத்த வாரம் ஒரு செய்தி கொண்டுவந்தான்.

"மாமா, ஒரு மெஷின் பாத்தேன்."

"என்ன மெஷின்?"

"பலகையை அது மேல வச்சிட்டு சக்கரத்தைச் சுத்தணும். தூக்கிக் கொண்டுபோய் மேல பிடிச்சுக்கும். ஒருத்தரே எல்லாத்தையும் போட்டுடலாம்."

"ஒருத்தர்னா?"

"ஒருத்தர்னா ஒருத்தர்தான். நீங்க கொஞ்சம் ரெஸ்ட் எடுங்க. அளவெடுக்கிறது, பூசுறதுன்னு கைய இறக்கி வச்சே செய்யற வேலை எவ்வளவோ இருக்கு."

"ரெஸ்ட் எடுத்து?"

"தூங்குங்க."

"தூங்கி?"

"எந்திரிங்க."

இரண்டு பேரும் சிரித்தார்கள். சிரிப்பு முடிந்த பிறகும் மெஷின் அங்கேயே இருந்தது. கடைசியில் மச்சான் ஒரு தவணை கொடுத்தான். ஒரு மாதம் விட்டு அடுத்த மாதம் முதல் தேதி ஒரு கல்லூரி அரங்கத்தில் வேலை ஆரம்பம். முந்நூறு பலகை. அதற்குள் தோள் சரியானால் பழையபடி இரண்டு பேர். இல்லையென்றால் மெஷின்.

நெட்டையர் சரி என்றார்.

பலகைக்குக் கீழே நிற்கும்போது மட்டும்தான் அவர்கள் பேசிக்கொள்வார்கள். இது வெளியில் யாருக்கும் தெரியாது. சொன்னாலும் விளங்காது. டீ குடிக்கும்போது மச்சான் போனைப் பார்ப்பான். வேனில் போகும்போது ரோட்டைப் பார்ப்பான். பலகையைத் தூக்கி நிறுத்தி, இரண்டு முகமும் மேலே திரும்பி, முதல் ஸ்க்ரூ உள்ளே இறங்கியதும் எங்கிருந்தோ பேச்சு வந்துவிடும். மச்சானுக்குப் பெண் பார்த்தது, பார்த்த பெண் வேண்டாமென்றது, வேறு பெண் அமைந்தது, பிள்ளைகளின் காய்ச்சல், பக்கத்து வீட்டுக்காரனின் நாய், எல்லாம் அங்கே பேசப்பட்டவைதான். ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்க வேண்டியதில்லை. அதனால் எதையும் சொல்லலாம். தன் மனைவி மகள் வீட்டுக்குப் போனது மூன்று மாதத்துக்கு என்றும், இப்போது இரண்டு வருடமும் நான்கு மாதமும் ஆகிறது என்றும் நெட்டையர் வாய்விட்டுச் சொன்னது ஒரு துணிக்கடையின் கூரைக்குக் கீழேதான்.

"அக்கா வரும் மாமா" என்றான் மச்சான், மேலே பார்த்தபடி. அடுத்த ஸ்க்ரூ இறங்கியது.

சண்டை ஒன்றும் கிடையாது. மகளுக்கு முதல் குழந்தை. பிறகு மகள் வேலைக்குத் திரும்பினாள். பிறகு இரண்டாவது குழந்தை. ஒவ்வொன்றும் நியாயமாகத்தான் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்குப் போன் வரும். சாப்பிட்டீங்களா என்று மனைவி கேட்பாள். பேரன் வந்து திரையில் மூக்கை வைத்து அழுத்துவான். ஆறேழு நிமிடம். மற்ற ஆறு நாளும் வீட்டில் இரண்டு அறைகளும் ஒரு சமையலறையும் இருந்தன. குக்கர் கூட அவருக்காக ஒரே ஒரு விசில்தான் அடித்தது.

மெஷின் பேசாது. மெஷினிடம் பேசவும் முடியாது. அரங்கத்தில் மெஷின் வந்துவிட்டால், நெட்டையருக்கு யாரிடமும் எதையும் சொல்ல ஓர் இடம் இருக்காது.

டாக்டரிடம் போனார். எக்ஸ்ரேயைப் பார்த்துவிட்டு டாக்டர், கையை மேலே தூக்காதீர்கள் என்றார். தொழிலே அதுதான் டாக்டர் என்றார் நெட்டையர். அப்படியானால் தொழிலை மாற்றுங்கள் என்றார் டாக்டர், மாத்திரையை மாற்றுவது போல.

பிறகுதான் ஜிம். முதல் வாரம் யாரையும் கேட்கவில்லை. அங்கே இருப்பவர்களிலேயே பெரிய தோள் யாருக்கு என்று பார்த்தார். அந்த ஆள் நீளக் கம்பியைக் கழுத்துக்குப் பின்னால் வைத்துத் தூக்கினான். நெட்டையரும் கழுத்துக்குப் பின்னால் வைத்துத் தூக்கினார். அன்று சாயங்காலம் சட்டை பட்டனைப் போட முடியவில்லை. மறுநாள் கம்பியை முன்பக்கம் பிடித்துப் பார்த்தார். அதற்கடுத்த நாள் பெஞ்சில் நிமிர்ந்து உட்கார்ந்து, முழங்கைகளை இரண்டு பக்கமும் சிறகு மாதிரி விரித்துக்கொண்டு டம்பெல் தூக்கினார். எல்லா வழியும் ஒரே வலியில்தான் கொண்டுபோய் விட்டது. ஆறாவது நாள் கோச்சம்மா எதிரில் வந்து நின்றார்.

"அண்ணே, மூஞ்சி ஏன் இப்படிப் போகுது?"

"வலிக்குதும்மா."

"வலிச்சா எதுக்குத் தூக்கறீங்க?"

"தோள் வலுவில்லை. வலு வேணும்னா தூக்கணும். தூக்குனா வலிக்குது. வலிச்சா வலு வருதுன்னு அர்த்தம்."

"யார் சொன்ன கணக்கு?"

"நானே போட்டது."

"தப்பு" என்றார் கோச்சம்மா. டம்பெல்களை வாங்கி ரேக்கில் வைத்துவிட்டார்.

பத்து நாள் மேலே எதையும் தூக்க விடவில்லை. ரப்பர் பட்டையைக் கதவுக் கைப்பிடியில் கட்டி இழுக்கச் சொன்னார். முழங்கையை விலாவோடு ஒட்டி வைத்துக்கொண்டு, கதவைத் திறப்பது போல முன்கையை வெளியே திருப்பச் சொன்னார். குழந்தை விளையாட்டு போலத்தான் இருந்தது. முடித்ததும் தோளின் பின்பக்கம் வியர்த்தது. அங்கே ஒரு தசை இருப்பதே அவருக்கு அன்றுவரை தெரியாது.

பிறகு ஒவ்வொன்றாகத் தேர்ந்தெடுத்தார்கள். துணிக்கடையில் சட்டை பார்ப்பது போல. கழுத்துக்குப் பின்னால் தூக்குவது இந்த ஜென்மத்தில் வேண்டாம். நீளக் கம்பியும் வேண்டாம். கம்பி இரண்டு கைகளையும் ஒரே இடத்தில் பூட்டிவிடுகிறது, தோள் தனக்கு வேண்டிய பக்கம் திரும்ப முடியவில்லை. டம்பெல் சரி, ஆனால் சிறகு மாதிரி இல்லை. கோச்சம்மா அவர் முழங்கைகளைப் பிடித்துக் கொஞ்சம் முன்னால் கொண்டுவந்தார். உள்ளங்கைகளை ஒன்றையொன்று பார்க்கும்படி திருப்பினார். வலி பாதியாகக் குறைந்தது.

"முழுசா போகலையே."

"பொறுங்க. வலி வாசல் வரைக்கும்தான் வரணும். உள்ள கூப்பிட்டு உக்கார வைக்காதீங்க."

அடுத்தது, நீளக் கம்பியின் ஒரு முனையைச் சுவர் மூலையில் கொடுத்து, மறுமுனையை நெஞ்சுக்கு நேராகப் பிடித்து மேல்நோக்கிச் சாய்வாகத் தள்ளுவது. ஒரு முழங்காலைத் தரையில் ஊன்றிக்கொண்டு ஒற்றைக் கையால் செய்தார். பத்து முறை. வலி எட்டிக்கூடப் பார்க்கவில்லை. நெட்டையருக்கு நம்பிக்கையில்லாமல் இன்னொரு பத்து செய்தார். அப்போதும் இல்லை.

"இதுவே போதும் உங்களுக்கு. ஆயுசுக்கும் இதைச் செய்யலாம்" என்றார் கோச்சம்மா.

"என் பலகை சாய்வா போகாதும்மா. நேரா மேல போகணும்."

கோச்சம்மா தன் தழும்பைத் தடவிக்கொண்டார். "சரி, அதுக்கும் வருவோம்" என்றார்.

அதற்குத்தான் இன்று வந்திருந்தார்கள். வந்து, ஒன்றரையில் நின்றிருந்தது.

"இன்னொரு தடவை செய்யுங்க. நான் பக்கவாட்டுல இருந்து பாக்கறேன்."

நெட்டையர் தூக்கினார். காது. ஸ்க்ரூ. நின்றது.

"அப்படியே நில்லுங்க. எங்க பாக்கறீங்க?"

"மேல."

"மேல என்ன இருக்கு?"

"வரிசையில மூணாவது பலகையில விரிசல் விட்டிருக்கு. ஸ்க்ரூ தூரம் தூரமா போட்டிருக்கான். யார் செஞ்சது இது?"

கோச்சம்மா டம்பெல்களை வாங்கிக்கொண்டார். சிரிக்கவில்லை.

"கை மேல போறதுக்கு முன்னாடியே உங்க தலை பின்னாடி போயிடுது. தலை போனா நெஞ்சு தூக்குது. நெஞ்சு தூக்குனா இடுப்பு வில் மாதிரி வளையுது. அவ்வளவு வளைஞ்சு நின்னா தோளுக்கு இடம் எங்க இருக்கும்? நேரா பாருங்க."

"நேரா பாத்தா எப்படித் தூக்கறது?"

"எல்லாரும் அப்படித்தான் தூக்கறாங்க."

நெட்டையர் நேராகப் பார்த்தார். எதிரில் கண்ணாடி. கைகளை உயர்த்தினார். டம்பெல் காதை நெருங்கியதும் கண் தானாக மேலே ஓடியது. மறுபடி செய்தார். மறுபடி ஓடியது. மூன்றாவது முறை கண்ணை வலுக்கட்டாயமாக நிறுத்தி வைத்தார். இப்போது கை நகர மறுத்தது. பத்தொன்பது வருடத்தில் பார்க்காத இடத்துக்கு அவர் கை ஒரு முறைகூடப் போனதில்லை.

"கண்ணாடியில உங்களையே பாருங்க."

பார்த்தார். ஷேவ் செய்யும்போது கன்னத்தைப் பார்ப்பார், தாடையைப் பார்ப்பார். ஆளை மொத்தமாகப் பார்த்து நாளாகியிருந்தது. கண்ணாடியில் ஒரு உயரமான ஆள் இரண்டு டம்பெல்களோடு, யாரோ வழி சொல்வார்கள் என்று காத்திருப்பவர் போல நின்றுகொண்டிருந்தார். ரொம்ப நேரம் பார்க்க முடியவில்லை. கண் மறுபடி விரிசலுக்குப் போனது.

கோச்சம்மா மேசைக்குப் போய்க் கறுப்பு டேப்பை எடுத்துவந்தார். நகத்தளவு கிழித்து, கண்ணாடியில் அவர் கண் மட்டத்தில் ஒட்டினார்.

"உங்களைப் பாக்க வேண்டாம். இதைப் பாருங்க."

கறுப்புப் புள்ளியைப் பார்த்தார். தூக்கினார். காது வந்தது, காது போனது. டம்பெல்கள் எங்கே இருக்கின்றன என்று தெரியவில்லை. கை நீண்டு நின்றபோதுதான் மேலே போய்விட்டது புரிந்தது.

"வலிக்குதா?"

"இல்லை."

"இறக்குங்க. இன்னொன்னு."

ஆறு முறை போனது. ஏழாவதை கோச்சம்மா அனுமதிக்கவில்லை. நாளைக்கும் ஏதாவது மிச்சம் இருக்கட்டும் என்றார்.

அன்று போகிற வழியில் நெட்டையர் ஒரு கறுப்பு டேப் வாங்கினார். வீட்டில் சமையலறைச் சுவரில் கண் மட்டத்தில் ஒரு துண்டு ஒட்டினார். இரண்டு லிட்டர் தண்ணீர் பாட்டில்கள் இரண்டை எடுத்துக்கொண்டு அதன் எதிரில் நின்றார். காலையில் ஜிம்முக்குப் போகாத நாளிலும் இது நடந்தது. புள்ளியைப் பார்த்துத் தூக்கி, மேலே நிறுத்தி, அறுபது எண்ணுவார். பலகையைப் பிடிப்பதென்றால் தூக்கினால் மட்டும் போதாது, நிற்க வேண்டும்.

ஒரு நாள் முப்பத்தைந்து வரை எண்ணியவர், எண்ணுவதை விட்டுவிட்டு, "சின்னப் பேரனுக்கு நாலாவது பல்லு முளைச்சிருக்காம்" என்றார்.

வாயிலிருந்து தானாக வந்துவிட்டது. கை மேலே போய் நின்றதும் பேச்சு வருவது பழக்கம். ஃப்ரிட்ஜ் உர்ரென்றது. பாட்டில்களை இறக்கி வைத்துவிட்டு, அன்று அதற்கு மேல் செய்யவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மனைவி போனில், "அதென்ன சுவத்துல கறுப்பா?" என்று கேட்டாள்.

"எறும்பு."

"நகரவே மாட்டேங்குது?"

"அதுக்கும் வயசாயிடுச்சு."

மனைவி சிரித்தாள். தோளைப் பற்றி அவர் சொல்லவில்லை. சொன்னால் அவள் தம்பிக்குப் போன் போடுவாள். தம்பி, அக்கா சொன்னதற்காக மெஷினை ஒத்திவைப்பான். அப்படிக் கிடைக்கும் இடம் அவருக்கு வேண்டாம். பேரன் வந்து மூக்கை அழுத்தினான். பிறகு திரை அணைந்தது.

அரங்கத்துக்கு நான்கு நாள் முன்னால் மச்சானைப் பார்க்கப் போனார். ஒரு இன்சூரன்ஸ் அலுவலகத்தின் பின்னறையில் சின்ன வேலை. மெஷினைக் கடையிலிருந்து ஒரு வாரத்துக்கு இரவல் வாங்கிப் பழகிக்கொண்டிருந்தான். நெட்டையர் வாசலிலேயே நின்று பார்த்தார். மூன்று கால், நடுவில் ஒரு தண்டு, உச்சியில் விரித்த கைகள் மாதிரி இரண்டு சட்டம். பலகை அதன்மேல் ஆடாமல் அசையாமல் கூரையோடு ஒட்டி நின்றது. மச்சான் காதில் எதையோ மாட்டிக்கொண்டு முடுக்கிக்கொண்டிருந்தான். ஒரு ஸ்க்ரூ போட்டான். கையை இறக்கிக் கொஞ்ச நேரம் நின்றான். அடுத்ததைப் போட்டான்.

முன்னெல்லாம் இவ்வளவு நேரம் எடுக்க மாட்டான், என்று நெட்டையர் நினைத்தார். அவசரமில்லை போல. அந்தப் பக்கம் பிடித்துக்கொண்டு நிற்பது மனுஷன் இல்லையே.

மச்சான் திரும்பிப் பார்த்துக் காதிலிருந்ததைக் கழற்றினான்.

"வாங்க மாமா. பாத்தீங்களா? இதுக்கு உங்க பேரைத்தான் வச்சிருக்கேன்."

"நெட்டையர்னா?"

"மாமான்னு. ஆனா இது டீ கேக்காது. பாதியில தும்மாது."

"பேசுமா?"

"பேசாது. அதான் நிம்மதி."

சொல்லிவிட்டு மச்சான் சிரித்தான். நெட்டையரும் சிரிக்க வேண்டிய இடம். அவர் மெஷினைச் சுற்றி வந்து, சக்கரத்தைத் தொட்டுப் பார்த்தார். நல்ல உருப்படி. குறை சொல்ல ஒன்றும் கிடைக்கவில்லை.

"கை எப்படி இருக்கு?" என்றான் மச்சான்.

"ஒன்னாம் தேதி தெரிஞ்சுடும்."

"முடியலேன்னா சொல்லிடுங்க மாமா. வீம்புக்கு வேண்டாம்."

"முடியலேன்னா பலகையே சொல்லிடும்."

அறை முழுக்கத் தைல வாசனை. தன் தோளிலிருந்துதான் என்று நெட்டையர் கொஞ்சம் கூச்சப்பட்டு, கிளம்பிவிட்டார். வழியில்தான், நேற்றிலிருந்து தான் தைலம் போடவில்லை என்பது நினைவுக்கு வந்தது. சட்டையில் பழைய வாசனை ஒட்டியிருக்கும் என்று நினைத்துக்கொண்டார்.

ஒன்றாம் தேதி காலை எட்டு மணிக்கு அரங்கத்தைத் திறந்துவிட்டார்கள். நாற்காலிகள் எல்லாவற்றையும் எடுத்துவிட்டிருந்ததால் குரல் எங்கெங்கோ போய்த் திரும்பி வந்தது. சட்டங்களை முந்தின வாரமே வேறு ஆட்கள் கட்டி முடித்திருந்தார்கள். ஒரு ஆள் உயரத்துக்குச் சாரம் கட்டி, மேலே நிற்க மரப்பலகை விரித்திருந்தது. கீழே ஓரத்தில் மெஷின், துணி போர்த்தி நின்றது. போட்டோ எடுப்பதற்காகக் காத்திருக்கும் மாப்பிள்ளை வீட்டுக்காரர் மாதிரி.

"பத்து பலகை" என்றான் மச்சான். "பத்துல கை எறங்குச்சுன்னா, துணியை எடுத்துடலாம்."

"எறங்கலேன்னா?"

"எறங்கலேன்னா அதை அப்படியே திருப்பி அனுப்பிடறேன். சத்தியமா."

சாரத்தின் மேல் ஏறினார்கள். மச்சான் தன் ஸ்டூலை வைத்து அதன்மேல் ஏறிக்கொண்டான். முதல் பலகையை இரண்டு பேருமாக நிமிர்த்தினார்கள். நெட்டையர் அதன் அடியில் புகுந்தார். உள்ளங்கைகள் ஒன்றையொன்று பார்க்க, முழங்கைகள் கொஞ்சம் முன்னால். நெஞ்சு மட்டத்தில் பலகையின் பாரம் வந்து உட்கார்ந்தது.

"தூக்கு" என்றான் மச்சான். எத்தனை மரியாதையாகப் பேசினாலும் அந்த ஒரு சொல் மட்டும் எப்போதும் அப்படித்தான் வரும்.

கண் மேலே போகப் பார்த்தது. நெட்டையர் அதைப் பிடித்து நிறுத்தினார். எதிரில் கண்ணாடி இல்லை, சுவர்கூட வெகுதூரத்தில் இருந்தது. கறுப்புப் புள்ளி ஒன்று அங்கே இருப்பதாக வைத்துக்கொண்டு அதைப் பார்த்தார். தூக்கினார். காது வந்தது. காது போனது. பலகை சட்டத்தில் போய் டக்கென்று உட்கார்ந்தது. தோளுக்குள் யாரும் எதையும் முடுக்கவில்லை.

"அடேயப்பா" என்றான் மச்சான் பக்கத்திலிருந்து. "என்ன மாமா, லாரியில அடிபட்ட கை மாதிரியே இல்லை."

"லாரி எங்க வந்துச்சு?"

"ஒரு பேச்சுக்கு."

முதல் ஸ்க்ரூ இறங்கியது. மரத்தூள் போல வெள்ளைப் பொடி தலையில் உதிர்ந்தது. பேச்சும் வந்துவிட்டது. மச்சானின் மூத்தவள் பள்ளிக்கூடத்தில் ஓட்டப்பந்தயத்தில் கடைசியாக வந்து, கடைசியாக வந்தவர்களில் நான்தான் முதல் என்று வீட்டில் வந்து சொன்னாளாம். நெட்டையர் சிரித்தார். பலகை ஆடவில்லை. ஐந்து வாரமாக இந்தக் குரலுக்குத்தான் காலை ஐந்து நாற்பதுக்கு எழுந்துபோனார். இரண்டாவது பலகை, மூன்றாவது பலகை. சின்னப் பேரனின் நாலாவது பல்லைச் சொன்னார். "கடிக்கறானா?" என்று மச்சான் கேட்டான். "போனையே கடிக்கறான்" என்றார். சொல்வதற்கு ஒரு காது இருந்தது. ஏழாவது பலகையிலும் கை இறங்கவில்லை.

எட்டாவது பலகை மூலையில் வந்தது. மச்சான் ஸ்டூலை நகர்த்தி, நெட்டையருக்கு நேர் எதிரில் போட்டுக்கொண்டான். பலகை மேலே போய் உட்கார்ந்தது. நெட்டையர் வழக்கப்படி நேராகப் பார்த்தார்.

கறுப்புப் புள்ளி இருக்க வேண்டிய இடத்தில் மச்சானின் முகம் இருந்தது.

பத்தொன்பது வருடத்தில், பலகைக்குக் கீழே அந்த முகத்தை அவர் பார்த்ததே இல்லை. குரலைத்தான் கேட்டிருந்தார்.

"அந்த மெஷினைத் திருப்பிக் குடுக்கப் போனா, கடைக்காரன் என்னைப் பாத்து சிரிப்பான் மாமா" என்று குரல் சொல்லிக்கொண்டிருந்தது. "எங்க மாமாவே ஒரு மெஷின்தான்னு சொல்லிடறேன்."

குரல் சிரித்தது. முகம் சிரிக்கவில்லை. பல்லைக் கடித்து, கண்ணை இறுக்கி மூடியிருந்தது. வலது கை ஸ்க்ரூ முடுக்கியைப் பிடித்திருந்தது. அந்தக் கை தானாக மேலே போகவில்லை. இடது கை அதன் முழங்கைக்கு அடியில் முட்டுக் கொடுத்துத் தூக்கிக்கொண்டு போனது. ஸ்க்ரூ இறங்கும்வரை மூச்சு நின்றது. இறங்கியதும் கை விழுந்தது. கன்னத்தில் வெள்ளைப் பொடியின் மேல் வியர்வை கோடு போட்டிருந்தது. சட்டையின் தோள்பட்டையில் எண்ணெய்க் கறை ஒன்று வட்டமாக ஊறியிருந்தது. தைல வாசனை அங்கிருந்துதான் வந்தது.

அடுத்த ஸ்க்ரூவை எடுத்தான். இடது கை மறுபடி முழங்கைக்கு அடியில் போனது.

"என்ன மாமா, சத்தத்தையே காணோம்? கை எறங்குதா? எறங்குனா சொல்லிடுங்க, துணியை எடுத்துடலாம்" என்றான், கண்ணைத் திறக்காமல்.

நெட்டையரின் கைகள் பலகையின் கீழே உறுதியாக நின்றன. நூறு பலகை வேண்டுமானாலும் பிடிக்கலாம் போல இருந்தது. ஓரத்தில் மெஷின் துணிக்குள் நின்றுகொண்டிருந்தது. அது பிடித்துக்கொண்டால், ஒவ்வொரு ஸ்க்ரூவுக்கும் நடுவில் கையை இறக்கி ஆற வைக்கலாம். அதை மச்சான் யாருக்காகப் பார்த்துவைத்தான் என்பது அவருக்கு இப்போதுதான் தெரிந்தது.

"மச்சான்" என்றார், அவன் முகத்தைப் பார்த்தபடியே. "உனக்கு எப்பலேருந்துடா வலிக்குது?"